நல்லபடியா வளர்ந்த ஆடு, கோழி தேடிப் போன அனுபவம் இருக்கா? இங்க எழுதுங்க

அடுப்படி ஆள்:

சைவத்துக்கு மாறிடுங்கன்னு சொல்ல வர்றவங்க கொஞ்சம் பொறுங்க, அது வேற பஞ்சாயத்து. எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை கறி நிக்காது. நான் தேடுறது ஒண்ணே ஒண்ணு, திங்கிற கோழி உசுரோட இருந்த வரைக்கும் மண்ணக் கிளறி, றெக்கைய விரிச்சு, வெயில்ல படுத்து எந்திரிச்சதா இருக்கணும், சாகும்போது ரொம்ப நேரம் துடிக்கக் கூடாது. இதக் கேட்டு வாங்கப் போனா என்னென்ன நடக்குதுன்னு சொல்றேன், நீங்களும் சொல்லுங்க.

மொதல்ல போனது சென்னைல ஒரு ஆர்கானிக் கடை. பேரு வேணாம். வாக்குவம் பாக்கெட், மேல பச்சை இலை படம், 'ஃப்ரீ ரேஞ்ச் நாட்டுக்கோழி'ன்னு எழுத்து, விலையப் பாத்தா கறிக்கோழி மூணு வாங்கிடலாம். பண்ணை எங்க இருக்குன்னு கேட்டேன், கல்லால இருந்த தம்பிக்குத் தெரியல, ஒரு நம்பர் குடுத்தார், போன்ல பேசுனவர் "பயோசெக்யூரிட்டி சார், வெளியாள உள்ள விடுறதில்ல"ன்னுட்டார். அது பொய்க் காரணம் இல்ல, செருப்பு வழியாவே நோய் உள்ள போகும். சரி ஒரு வீடியோவாச்சும் அனுப்புங்கன்னேன். அனுப்புறேன்னார், இன்னிக்கு வரைக்கும் வரல. இலை படத்த யாரு வேணா அச்சடிக்கலாம்ல.

அப்புறம் ஒரு கல்யாணத்துக்கு காங்கேயம் பக்கம் போனப்ப, நாட்டுக்கோழிப் பண்ணைன்னு போர்டு பாத்து உள்ள நுழைஞ்சுட்டேன். நீளமா ஒரு ஷெட்டு, சுத்தி வலை, உள்ள ஆயிரக்கணக்குல கோழி, எல்லாத்துக்கும் மூக்கு நுனி வெட்டியிருக்கு, ஒண்ணுகூட வெளிய வந்து மண்ணப் பாத்ததில்ல. ஓனர் நல்ல மனுஷன், மழுப்பவே இல்ல. "நாட்டுக்கோழி தானுங்க, ஆனா மேயிற கோழி இல்லீங்க, இத்தனையயும் வெளிய விட்டா நாயும் கீரியும் பருந்தும் பாதிய முடிச்சுரும், உள்ளயே வெச்சா ஒண்ணையொண்ணு கொத்திக்குது, அதான் மூக்கு வெட்டுறோம்"னார். தொண்ணூறு நாள் சுமாருக்கு வளர்த்து லோடு ஏத்திடுவாங்களாம். அதாவது கறிக்கோழி நாப்பது நாள் உள்ள இருந்தா இது அதுக்கு ரெண்டு மடங்கு நாள் உள்ள இருக்கு. நாம குடுக்குற கூடுதல் காசு அந்த ஜாதிக் கோழிக்கும் அது தின்ன தீவனத்துக்கும்தான் போகுது, அது எப்படி வாழ்ந்துச்சுங்கறதுக்கு இல்ல.

இப்ப வாங்குறது மதுராந்தகம் தாண்டி ஒரு அக்காகிட்ட. மாந்தோப்பு, ராத்திரிக்கு மட்டும் கூண்டு, காலைல தொறந்து விட்டா சாயங்காலம் தானா வந்து அடையும். எல்லாம் சிறுவிடை, அதாவது சின்ன உடம்பு நாட்டுக்கோழி, ஒரு கிலோ சொச்சம் தேறவே அஞ்சாறு மாசம் ஆகும். பெட்டைய தரவே மாட்டாங்க, அது அடைகாக்கணும், சேவல் மட்டும்தான், அதுவும் இருந்தாத்தான். ஒரு தடவ போன் பண்ணப்ப "தம்பி, வெள்ளைக்கழிச்சல் வந்து பாதி போயிருச்சு, ரெண்டு மாசம் கழிச்சுப் பேசுங்க"ன்னாங்க. தடுப்பு மருந்து குடுக்குறாங்க, கண்ணுல சொட்டு விடுறதுதான், ஆனா ஒரு முறை தவறிடுச்சாம். சுதந்திரமா மேயுற கோழிக்கு நோவே வராதுன்னு யூட்யூப்ல பேசுறவங்க இந்த அக்காவ ஒரு தடவ வந்து பாக்கணும்.

அறுக்கிறதப் பத்தியும் சொல்லிடறேன், இத யாருமே பேசுறதில்ல. எங்க தெரு கறிக்கடைல கழுத்த லேசா அறுத்து அந்த நீல டிரம்ல வீசிட்டு மூடியப் போட்டுடுவாங்க, உள்ள அது பாட்டுக்கு மோதிக்கிட்டுக் கெடக்கும், அதுக்கு மேல இன்னொண்ணு வந்து விழும். இப்ப போற கடைல தகர புனல் ஒண்ணு வெச்சிருக்கார், தலைகீழா உள்ள விட்டா றெக்கை அடிக்க முடியாது, நல்ல கத்தியா வெச்சு ஒரே இழுப்பு, ரத்தம் சீக்கிரம் வடிஞ்சுடுது. அந்த புனலுக்காகவே ரெண்டு தெரு தள்ளிப் போறேன். தோட்டத்துல வாங்குற சேவலயும் அங்கதான் குடுத்து அறுக்குறது, பைக்ல காலக் கட்டித் தொங்கவிட்டு எடுத்துட்டு வர்றதில்ல, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி.


பல்லடத்துக்காரன்:

ஏனுங்க, நாங்க கறிக்கோழி வளர்க்குற குடும்பம், அதனால எங்க பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்க. ஷெட்டும் கரண்டும் தண்ணியும் ஆளும் எங்களுது, குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனிது, கோழியும் அவங்களுதுதான். வளர்ந்த எடைக்கு கிலோவுக்கு இவ்வளவுன்னு வளர்ப்புக் கூலி வரும். பேப்பர்ல தினம் பல்லடம் பண்ணை விலைன்னு போடுறாங்களே, அது ஏறுனாலும் இறங்குனாலும் எங்க கூலி அதே வேகத்துல ஏறாதுங்க.

எல்லாரும் கேக்குற மொத கேள்வி "ஊசி போடுறீங்களா"ன்னு. ஹார்மோன் ஊசியெல்லாம் கிடையாதுங்க, ஒரு பேட்ச்சுக்கு பத்தாயிரம் கோழி இருந்தா ஒவ்வொண்ணாப் புடிச்சு ஊசி போடுறது ஆகுற காரியமா? அந்த இனமே அப்படி, வருஷக்கணக்கா தேர்ந்தெடுத்து வேகமா வளர்ற மாதிரி கொண்டு வந்துட்டாங்க, கூடவே சோளம் சோயா தீவனம். வேணா ஆன்டிபயாடிக் பத்திக் கேளுங்க, அது நியாயமான கேள்வி. கொலிஸ்டின்னு ஒண்ணு, மனுசனுக்கு மத்த மருந்து கேக்காதப்ப கடைசியா குடுக்குறது, அதத் தீவனத்துல கலந்துட்டு இருந்தாங்க, 2019ல மத்திய அரசு தடை போட்டுச்சு.

உண்மையான கஷ்டம் என்னன்னா முப்பது நாளத் தாண்டுனா உடம்பு பெருத்துரும், காலு தாங்காது, சிலது தீவனத்துக்கு நடந்து வரக்கூட முடியாம உக்காந்துரும். கோடையில தான் கொடுமைங்க. மே மாசம் மத்தியானம் வாயத் தொறந்துட்டு மூச்சு வாங்கும், கூரை மேல தென்னை ஓலை போட்டு ஸ்பிரிங்ளர் ஓட்டி ஃபேன் போட்டும் சாயங்காலம் பாத்தா மூலைல குமிஞ்சு கெடக்கும். பொறுக்கிப் போடுறப்ப கூலி நஷ்டம் ஒரு பக்கம், மனசுக்கும் ஆகாதுங்க. கூண்டுல வளர்க்குறதுன்னு நெனச்சுக்காதீங்க, தரையில தேங்காநார்க் கழிவு பரப்பித்தான் விடுறோம், ஒரு கோழிக்கு ஒரு சதுர அடிக்குக் கொஞ்சம் மேல வரும். குஞ்சா இருக்குறப்ப அது மைதானம், கடைசி வாரம் டவுன் பஸ்ஸு.

லிஃப்டிங், அதானுங்க கோழிய லாரில ஏத்துறது, ராத்திரிலதான். ஆளுங்க வந்து ஒரு கைக்கு நாலஞ்சு கோழிய ஒத்தக் கால்ல தலைகீழாப் புடிச்சு டிரேல திணிப்பாங்க, அவசரத்துல காலு றெக்கை ஒடியறதும் உண்டு. எங்க ஷெட்டுல எங்கப்பா பக்கத்துல நின்னு "ரெண்டு ரெண்டாப் புடிங்க கண்ணு"ன்னு சொல்லிட்டே இருப்பார், லாரிக்காரர் லேட்டாகுதுன்னு மொறைப்பார். நல்ல கறிக்குக் கூட காசு குடுக்கத் தயாருன்னு பட்டணத்துல எழுதுறீங்க, சந்தோசம்ங்க, அந்தக் காசு வளர்க்குறவன் கைக்கு வர்ற வழி எதாச்சும் இருந்தா நானும் ஷெட்டுல பாதிக் கோழி தான் விடுவேன்.


மாசக்கடைசி:

அடுப்படி அண்ணே கோச்சுக்காதீங்க, ஆறு பேர் இருக்குற வீட்ல உசுரோட கிலோ அறுநூறுன்னு சேவல் வாங்கி உரிச்சா ஒரு கிலோகூட தேறாது, ஆளுக்கு ரெண்டு துண்டு, அதுல ஒண்ணு எலும்பு. கறிக்கோழி ரெண்டு கிலோ எடுத்தா புள்ளைங்க வயிறாரத் தின்னும். இது காசு உள்ளவங்க பேச்சு.


அடுப்படி ஆள்:

கோவம்லாம் இல்ல, உண்மைதான். நாங்களும் வாரா வாரம் வாங்கல, மாசத்துல ஒண்ணு ரெண்டு தடவதான், மத்த வாரம் மீனு இல்ல முட்டை. அளவு கொறஞ்சதுல வீட்ல சண்டை நடந்துச்சு, இப்பவும் நடக்குது. ஆனா புனல் வெச்ச கடைல அறுக்கச் சொல்றதுக்கும், டிரம்ல போடாதீங்கன்னு சொல்றதுக்கும் காசு ஆகாது, அத கறிக்கோழிக்கும் கேக்கலாம்ல.


கிடைக்காரன் பேரன்:

நான் சிவகங்கைப் பக்கம். எங்கய்யா கீதாரி, ஊரு ஊரா ஆட்டு மந்தை ஓட்டுறவரு. கோழிக்குத்தான் இம்புட்டு ஆராய்ச்சி, நம்ம ஊரு ஆட்டுக்கறி அனேகமா மேய்ஞ்ச கறிதாங்க. அறுப்பு முடிஞ்ச வயல்ல கிடை போடுவாக, ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம், வயக்காரவுக ஒரு ராத்திரிக்கு இம்புட்டுன்னு காசோ நெல்லோ குடுப்பாக. விடிஞ்சா மேய்ச்சல், ஊரு ஊரா நடை, குட்டிக மட்டும் கூடாப்புல, அதான் கவுத்து வெக்கிற பெரிய கூடைல. செம்மறி தலையக் குனிஞ்சு புல்லு மேயும், வெள்ளாடு ரெண்டு கால்ல நின்னு கருவேலங்காயப் பறிக்கும். இப்ப பரண் போட்டு, அதுலயே அடைச்சு வெச்சுத் தீவனம் போடுற பண்ணை நிறைய வந்துருச்சு, அது சுத்தமா காய்ஞ்சு இருக்கும், குத்தம் சொல்ல மாட்டேன், ஆனா அந்த ஆடு எட்டிப் பறிக்க எலை இல்ல.

கெடுதல் ஆரம்பிக்கிறதே வித்ததுக்கப்புறம்தான். எட்டயபுரம் சந்தைக்கு ஐயாகூட போயிருக்கேன், தீபாவளிக்கு முந்துன சனிக்கிழமை கால் வைக்க எடம் இருக்காது. எடை காட்டணும்னு உப்புத்தண்ணிய வாயில ஊத்தி வயித்த உப்ப வைக்கிற யாவாரிகளப் பாத்தேன், ஆடு முழி பிதுங்கி நிக்கும். அப்புறம் லாரில அடைச்சு, கீழ ஒரு தட்டு மேல ஒரு தட்டுன்னு, ராத்திரி முழுக்கப் பட்டணத்துக்கு. கீழ விழுந்தது எந்திரிக்க முடியாது, மத்தது மேல ஏறி மிதிச்சுரும். ஐயா வித்த ஆட்டத் திரும்பிப் பாக்காம வந்து டீக்கடைல உக்காந்துருவாரு, என்னையும் பாக்க விடமாட்டாரு.

நான் இப்ப மதுரைல இருக்கேன், கறி வாங்குறது ஊருக்குப் போற அன்னைக்கு மட்டும். அங்க பாயி சுத்துப்பட்டு ஊர்லயே ஆடு புடிச்சுட்டு நடத்தியே கொண்டாந்து, மத்த ஆடு கண்ணுல படாம பின்னாடி கொண்டு போய் அறுப்பாரு, கத்தியயும் ஆட்டுக்குக் காட்ட மாட்டாரு. ஏன் பாய்னு கேட்டதுக்கு "எங்க மார்க்கத்துல அப்படித்தான் சொல்லியிருக்கு தம்பி, பயப்பட வெச்சு அறுக்கக் கூடாது"ன்னாரு. பட்டணத்துல இருக்குறவுக கறிக்கடைக்காரர்ட்ட எந்தச் சந்தை ஆடு, எப்ப வந்து எறங்குச்சுன்னு மட்டும் கேட்டுப் பாருங்க. பதில் சொல்றவரு ஓரளவு நல்ல யாவாரி.


பாரிஸ் பக்கம்:

நான் பிரான்சில இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணம். இஞ்ச லா ஷப்பெல் பக்கம் எங்கட கடையளில கோழி மலிவு, அது எங்க வளந்தது எண்டு ஆரும் கேக்கிறேல்ல, நானும் கன காலம் கேக்கேல்ல. சுப்பர்மார்க்கெட்டில சிவப்பு முத்திரை ஒட்டின கோழி கிடக்கும், லபெல் ரூஜ் எண்டு பேர். அரசாங்கம் 1960இல கொண்டு வந்த முத்திரை, கோழிக்கு எண்டு முதல் கிடைச்சது 1965இல, தென்மேற்கில லாந்த் எண்ட இடத்துக் கோழிக்கு. அது ஒட்டவேணும் எண்டா கோழி குறைஞ்சது 81 நாள் வளந்திருக்க வேணும், மெதுவா வளர்ற இனமா இருக்க வேணும், கொட்டிலுக்குள்ள சதுர மீட்டருக்கு 11க்கு மேல விடேலாது, பகலில வெளியில திரிய நிலம் வேணும். இதெல்லாம் ஆக்கள் வந்து சோதிச்சுத்தான் குடுக்கிறவை, அங்க காங்கேயத்தில நீங்கள் போய் எட்டிப் பாத்த வேலையை இஞ்ச வேற ஆரோ சம்பளத்துக்குச் செய்யினம்.

விலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. முதல் தரம் வாங்கிச் சமைக்கேக்க அம்மா ஒரு துண்டு கடிச்சுப் பாத்திட்டு, "இது ஊர்க்கோழி மாதிரியெல்லே கிடக்கு, எங்கயடி எடுத்தனி?" எண்டா. எலும்பு உறுதி, தூளும் நல்லாப் பிடிச்சிருந்தது. முட்டையிலயும் இலக்கம் அடிச்சிருக்கும், 0 எண்டா ஓர்கானிக், 1 வெளியில திரியிறது, 2 கொட்டில், 3 கூண்டு. பிள்ளையளுக்கு இப்ப அது விளையாட்டு, கடையில பெட்டியைத் திறந்து 3 இருந்தா "அம்மா, ஜெயில் முட்டை" எண்டு கத்துவினம், எனக்கு வெக்கமாக் கிடக்கும். பழைய வெறுங் கம்பிக்கூண்டை 2012இல இருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில நிப்பாட்டிப்போட்டினம், ஆனா கொஞ்சம் பெரிய கூண்டு இன்னும் இருக்கு, அதுதான் அந்த 3.


நாமக்கல் கணக்குப்பிள்ளை:

பாரிஸ் அக்கா சொன்ன அந்த 3ஆம் நம்பர்தான் எங்க ஊரே. முட்டைப் பண்ணைல கணக்கு எழுதிட்டு இருந்தவன் நான். கூண்டுல ஒரு கோழிக்குக் கிடைக்கிற இடம் ஏ4 பேப்பர விடச் சின்னது, றெக்கைய விரிக்க முடியாது. 2017ல சட்ட ஆணையமே முட்டைக்கோழி, கறிக்கோழி நிலைமைய வெச்சு 269ஆவது அறிக்கை குடுத்துச்சு, கூண்டு அப்படியேதான் இருக்கு.

கறிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னா, ஒன்றரை வயசு தாண்டி முட்டை கொறைஞ்சதும் அந்தக் கோழிய மொத்தமா கறிக்குத் தள்ளிடுவாங்க. பேப்பர்ல கறிக்கோழி விலைன்னு ஒண்ணு, முட்டைக்கோழி விலைன்னு ஒண்ணு போடுறாங்கல்ல, ரெண்டாவது அதுதான். சில கடைல அத உரிச்சு மஞ்சத் தடவி நாட்டுக்கோழின்னு வித்துடறாங்க, வேகவும் லேட்டாகுறதால வாங்குனவரும் நம்பிடுவார். உரிச்சத வாங்காதீங்க, தலையோட முழுசாக் காட்டச் சொல்லுங்க. மேல் மூக்கு மழுங்கி, கீழ் மூக்கு அதவிட நீட்டிட்டு இருந்தா ஷெட்டுலயோ கூண்டுலயோ இருந்தது, மேயுற கோழிக்கு அத வெட்ட மாட்டாங்க, புழு பொறுக்க வேணும். நகத்தையும் பாருங்க, மண்ணக் கிளறுன கோழிக்குத் தேஞ்சிருக்கும், கூண்டுக்கோழிக்கு நீளமா வளைஞ்சு கெடக்கும்.


மாசக்கடைசி:

இந்த மூக்கு மேட்டர் தெரியாது, நாளைக்குப் போய்ப் பாக்குறேன். அடுப்படி அண்ணே, அந்த மதுராந்தகம் அக்காகிட்ட தீபாவளிக்கு ஒரு சேவல் சொல்ல முடியுமா, எங்கப்பாவுக்கு மட்டும், பல்லு ஆடுது ஆனா நாட்டுக்கோழி கொழம்புதான் வேணுங்கறார்.


அடுப்படி ஆள்:

தீபாவளிக்கு இப்பவே லிஸ்ட் நெறைஞ்சுடுச்சாம், கார்த்திகை மாசத்துக்குச் சொல்லி வெக்கிறேன். பல்லு ஆடுதுன்னா சூப்பு வெச்சுக் குடுங்க, குக்கர்ல அஞ்சு விசில் விட்டுட்டு அப்புறமும் அரை மணி நேரம் சிம்ல வைங்க, கறிக்கோழி மாதிரி ரெண்டு விசில்ல எறக்கிட்டா உங்கப்பா என்னத் திட்டுவார்.