நாள்பட்ட முதுகுவலி மூளையைச் சுருக்குமா? சிகிச்சையில் இதை வைத்து என்ன செய்வது?

கீழ்முதுகு_பிசியோ கேட்டது:

மூன்று மாதத்துக்கு மேல் கீழ்முதுகு வலியோடு வருகிறவர்களில் பலர் இப்போது ஒரே செய்தியைப் படித்துவிட்டு வருகிறார்கள்: "வலி நீடித்தால் மூளை சுருங்கிவிடும்." எம்ஆர்ஐ ஆய்வுகளில் சாம்பல்நிறப் பொருள் (நரம்பணு உடல்கள் நிறைந்த மூளைத் திசு) குறைவதாக வந்தது தெரியும். அது வலிக்குக் காரணமா, வலியின் விளைவா? வலி போனால் பழைய நிலைக்குத் திரும்புமா?

இன்னொன்று, நடைமுறை சார்ந்தது. இருபுள்ளித் தொடு சோதனை (இரண்டு முனைகளை எவ்வளவு தள்ளி வைத்தால் இரண்டாக உணர்கிறார் என்று பார்ப்பது), தொடுபயிற்சி இவற்றைச் செய்கிறவர்கள் எந்த அளவில், எவ்வளவு நேரம் செய்கிறீர்கள்? எங்கே சொதப்பும்?

---

நரம்பு_வரைபடம் பதில்:

அந்தச் செய்தியின் வேர் 2004-ல் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஆப்காரியன் குழு வெளியிட்ட ஆய்வு. நாள்பட்ட முதுகுவலி உள்ள 26 பேரையும் வலி இல்லாத 26 பேரையும் ஒப்பிட்டார்கள். வலி உள்ளவர்களுக்குச் சாம்பல்நிறப் பொருள் 5 முதல் 11 சதவீதம் குறைவு. 10 முதல் 20 ஆண்டு முதுமைக்குச் சமம் என்று அவர்களே எழுதியதால்தான் தலைப்புச் செய்தியானது. குறைவு முக்கியமாகத் தெரிந்தது முன்நெற்றிப் புறணியின் மேல்-பக்கவாட்டுப் பகுதியிலும், உணர்வுச் செய்திகளைப் புறணிக்கு அனுப்பும் தாலமஸிலும்.

ஆனால் அது ஒரே நேரத்தில் எடுத்த படம். எது முன்னால் வந்தது என்று அதில் தெரியாது. எம்ஆர்ஐ காட்டும் கன அளவு நரம்பணுக்களின் எண்ணிக்கையும் இல்லை. கிளைகள், இணைப்புகள், துணைச் செல்கள், நீர்ச்சத்து எல்லாம் சேர்ந்த கணக்கு அது. தூக்கக் குறைவு, மனச்சோர்வு, மருந்துகள், நடமாட்டம் குறைந்தது எல்லாம் அதைப் பாதிக்கும். "சுருங்கியது" என்றதும் "செத்துவிட்டது" என்று புரிந்துகொள்வதில்தான் தப்பு தொடங்குகிறது.

திரும்புமா என்பதற்கு நேரடியான பதில் 2011-ல் வந்தது. அறுவை சிகிச்சையோ முள்ளெலும்பின் சிறுமூட்டில் ஊசியோ போட்டு, ஆறு மாதம் கழித்து மறுபடி படம் எடுத்தார்கள். வலியும் முடக்கமும் குறைந்தவர்களுக்கு இடது முன்நெற்றிப் புறணி தடித்திருந்தது. இடுப்புமூட்டுத் தேய்மானத்திலும் இதே கதைதான்: மூட்டு மாற்றி வலி போனபின் தாலமஸின் குறைவு சரியானதை 2010-ல் காட்டினார்கள். ஆக, இந்தக் குறைவில் பெரும்பகுதி வலியின் விளைவு.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு சான்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2012-ல் அதே நார்த்வெஸ்டர்ன் குழு, முதுகுவலி புதிதாக வந்தவர்களை ஓராண்டு பின்தொடர்ந்தது. முன்நெற்றிப் புறணியின் நடுப்பகுதிக்கும் மூளையின் ஆழத்தில் உள்ள அக்யூம்பென்ஸுக்கும் இடையே தொடர்பு ஆரம்பத்திலேயே வலுவாக இருந்தவர்களுக்கு வலி நிலைத்துவிட்டது. வெகுமதி, கற்றல் சார்ந்த வலையமைப்பு அது. அடுத்த ஆண்டு வந்த தொடர் ஆய்வில், புது வலியின்போது இயங்கும் இன்சுலா, தாலமஸ் போன்ற பகுதிகளை விட்டு, ஓராண்டில் வலி அமிக்டலா, முன்நெற்றிப் புறணியின் நடுப்பகுதி என்று உணர்ச்சி வட்டத்துக்கு இடம்பெயர்ந்திருந்தது. நோயாளி சொல்லும் வலி அதேதான். உள்ளே அதை உருவாக்கும் இடம் மாறிவிடுகிறது.

---

தொடுவரை பதில்:

நடைமுறைக் கேள்விக்கு வருகிறேன். இதன் அடிப்படை 1997-ல் ஜெர்மனியில் ஃப்ளோர் குழு கண்டது: நாள்பட்ட முதுகுவலியில், தொடு புறணியில் (தொடுதலை உணரும் மூளைப் பகுதி) முதுகுக்கான இடம் பெருத்து, கால் பகுதிப் பக்கமாக நகர்ந்திருக்கிறது. எல்லைகள் ஈரத்தில் பட்ட மைபோல் கலங்கிவிடுகின்றன. முதுகின் வெளிக்கோட்டை வரையச் சொன்னால் சிலருக்கு வலிக்கும் பக்கத்தில் கோடு பாதியில் நின்றுவிடும்.

சோதனை: குப்புறப் படுக்கவைத்து, மழுங்கிய முனையுள்ள காலிப்பரால் (இடைவெளி அளக்கும் கருவி) தொடுங்கள். இரண்டு முனையும் ஒரே நொடியில், ஒரே அழுத்தத்தில் பட வேண்டும். தோல் லேசாக வெளுக்கும் அளவு போதும். ஒரு முனை முந்தினால் நேர வித்தியாசத்தை வைத்தே "இரண்டு" என்று சொல்லிவிடுவார்கள், அளவு பொய்யாகிவிடும். பெரும்பாலான தவறு இங்கேதான். சிறிய இடைவெளியிலிருந்து 5 மி.மீ. கூட்டிக்கொண்டே ஒரு முறை, பெரிதிலிருந்து குறைத்துக்கொண்டே ஒரு முறை, பிறகு சராசரி. நடுநடுவே ஒற்றை முனையை வையுங்கள். ஊகித்துச் சொல்கிறவர் அங்கே மாட்டிக்கொள்வார். கிடைமட்டமாக அளந்தால் அடுத்த முறையும் கிடைமட்டமாகவே அளக்க வேண்டும். முதுகில் 40, 50 மி.மீ. இடைவெளி தேவைப்படுவது இயல்புதான், விரல்நுனியின் 2, 3 மி.மீ.யோடு ஒப்பிட்டு நோயாளியை மிரட்டாதீர்கள். வலிக்கும் பக்கத்துக்கும் வலிக்காத பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் பார்க்க வேண்டியது.

பயிற்சி: வலிக்கும் இடத்தில் 9 அல்லது 12 புள்ளி குறித்து எண் போட்டு, படம் எடுத்து நோயாளி கையில் கொடுங்கள். பேனா மூடி ஒன்று, கார்க் ஒன்று. மாற்றி மாற்றித் தொட, எந்த எண், எந்தப் பொருள் என்று இரண்டையும் சொல்ல வேண்டும். 15 முதல் 20 நிமிடம் போதும். பத்துக்கு எட்டு சரியாக வந்தால் புள்ளிகளை நெருக்குங்கள். வீட்டில் தொடுகிறவரிடம், பேசிக்கொண்டே செய்யக் கூடாது என்று கட்டாயம் சொல்ல வேண்டும். கவனித்து விடை சொன்னால்தான் பலன், வெறுமனே தடவுவது தடவுவதுதான்.

இதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். உணர்வு-இயக்கப் பயிற்சி, வலி விளக்கம், படிப்படியான அசைவு மூன்றும் சேர்ந்த ஆஸ்திரேலியச் சோதனை 2022-ல் வந்தது: 276 பேர், வாரம் ஒன்றாக 12 அமர்வு. 18-வது வாரத்தில் 10 புள்ளி வலி அளவுகோலில் 1 புள்ளி அளவே கூடுதல் பலன். தொடுபயிற்சியை முன்வேலையாக வைத்துக்கொண்டு, நேரத்தை அசைவுக்குச் செலவிடுவது நல்லது.

---

படிப்படி பதில்:

அசைவுப் பகுதியை நான் சேர்க்கிறேன். அளவுகோல் நேரமாக இருக்கட்டும், வலியாக இருக்க வேண்டாம். எவ்வளவு நேரம் நடந்தால் வலி ஏறத் தொடங்குகிறது என்று மூன்று நாள் குறித்துச் சராசரி எடுங்கள். 10 நிமிடம் என்றால் 8-ல் ஆரம்பியுங்கள். வாரத்துக்குப் பத்து சதவீதம்போல் ஏற்றுங்கள். மோசமான நாளிலும் 8 நிமிடம், நல்ல நாளிலும் 8 நிமிடம். நல்ல நாளில் 40 நிமிடம் நடந்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துக்கொள்வதுதான் அடிக்கடி நடப்பது; அப்போது "நடை = ஆபத்து" என்பதை மூளை இன்னும் அழுத்தமாகக் கற்றுக்கொள்கிறது.

குனியப் பயப்படுகிறவருக்கு நேராக நின்று குனிவதில் தொடங்காதீர்கள். மல்லாந்து முழங்காலை நெஞ்சுக்கு, பிறகு தவழும் நிலையில் பின்னால் சாய்வது, பிறகு உட்கார்ந்து, கடைசியில் நின்று. ஒவ்வொன்றிலும் மூச்சைப் பிடிக்கிறாரா, வயிற்றை இறுக்குகிறாரா என்று பாருங்கள். இறுக்கிக்கொண்டே செய்தால் அசைவு நடந்தாலும் உடலின் தற்காப்பு இறுக்கம் அப்படியே இருக்கிறது.

---

கீழ்முதுகு_பிசியோ:

மூவருக்கும் நன்றி. ஒரு சிக்கல். மூளை என்று வாயைத் திறந்தாலே "அப்போ வலி மனசுலதான்னு சொல்றீங்களா?" என்று முகம் மாறிவிடுகிறது.

---

நரம்பு_வரைபடம்:

மூளையில் தொடங்காதீர்கள், ஸ்கேனில் தொடங்குங்கள். வலியே இல்லாதவர்களின் முதுகெலும்புப் படங்களைத் தொகுத்த 2015 ஆய்வில், 20 வயதிலேயே 37 சதவீதத்தினருக்கு டிஸ்க் தேய்மானம், 80 வயதில் 96 சதவீதம். இதைக் கேட்டதும் "அப்போ எனக்கு ஏன் வலிக்குது?" என்று அவரே கேட்பார். அப்போது, காயம் ஆறிய பிறகும் எச்சரிக்கை அமைப்பு கூர்மையாகவே இருந்துவிடுவதைச் சொல்லலாம். வலி நிஜம் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வலிக்கு நோயாளி கொடுக்கும் அர்த்தத்தையே மாற்றும் உளவியல் சிகிச்சையை 151 பேரிடம் சோதித்த கொலராடோ ஆய்வில் (2022) சிகிச்சை பெற்றவர்களில் 66 சதவீதத்தினர் வலி இல்லாமலோ ஏறக்குறைய இல்லாமலோ ஆனார்கள். போலி ஊசிக் குழுவில் 20 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 10 சதவீதம். முதுகைவிடக் கால்வலி அதிகமாக உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை. நரம்பு நசுங்கி வரும் கால்வலிக்கு இந்த எண்ணைக் காட்டக் கூடாது.

---

வலிமருத்துவம்:

தாமதமாக வந்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும். மேலே உள்ள எதையும் தொடங்கும் முன், தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பு அல்லது கட்டுப்பாடு இழப்பு, கால் பலவீனம் கூடிக்கொண்டே போவது இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள்; இருந்தால் அன்றே அவசரப் பிரிவு. காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, புற்றுநோய் வரலாறு, நீண்டநாள் ஸ்டீராய்டு, கீழே விழுந்த அடி, இவை இருந்தாலும் முதலில் மருத்துவர்.

மருந்தில் டுலோக்செட்டின் மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் வலியடக்கும் பாதையில் வேலை செய்கிறது. பலன் மிதமானதுதான். மருத்துவர் வழக்கமாக 30 மி.கி.யில் தொடங்கி 60-க்கு ஏற்றுவார். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இன்னொன்று: இதைப் படித்துவிட்டு மூளை ஸ்கேன் எடுத்துத் தரச் சொல்லி வருவார்கள். மேலே சொன்னவை எல்லாம் குழுச் சராசரிகள். ஒருவரின் படத்தைப் பார்த்து அவருக்கு எவ்வளவு வலி, எப்போது சரியாகும் என்று சொல்ல முடியாது. முதுகுவலிக்காக மட்டும் மூளை எம்ஆர்ஐ எழுத வேண்டியதில்லை.