நாரிப் பிடிப்பை இங்கிலிஷில் எப்படிச் சொல்லுவது?

வணக்கம். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் எங்கள் வீட்டு விறாந்தையில் காலையில் ஐந்தாறு பேருக்கு யோகா சொல்லிக்கொடுக்கிறேன். நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறொன்ரோவில் இருந்து வந்து நிற்கிற அக்காவின் பெடியன்கள் இரண்டு பேரும் இப்போது சேர்ந்திருக்கிறார்கள். தமிழ் ஓரளவு விளங்கும். ஆனால் 'நாரி' (இடுப்புப் பக்கத்து முதுகு) என்றால் முழிக்கிறார்கள்.

நேற்று மூத்தவன் குனிய ஏலாமல் பாதியில் நின்றான். விமானத்தில் மடங்கி இருந்து வந்த உடம்பு. நான் 'லூஸ் யுவர் பாடி' என்றேன். "சித்தி, அப்படிச் சொன்னால் உடம்பைத் தொலை என்ற மாதிரி!" என்று இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. 'லூசன்' என்று சொல்லவேண்டுமாம்.

'வார்ம் அப்', 'ஸ்ட்ரெட்ச்', 'மை பேக் இஸ் ஸ்டிஃப்' எல்லாம் தெரியும். கழுத்துப் பிடிப்புக்கு 'கிரிக் இன் த நெக்' என்பதும் தெரியும். சுளுக்குத்தான் 'ஸ்ப்ரெயின்', பிடிப்புக்கு அதைச் சொன்னால் அக்கா பயந்து டொக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடிவிடுவா.

எனக்கு வேண்டியது, 'நோகாமல், மெல்ல மெல்ல இளக்கு' என்று சொல்லுகிற பேச்சு வழக்கு. 'ஈஸ் இன்டு இட்' என்று ஒரு வீடியோவில் கேட்டேன். ஆசனத்துக்குள் அவசரப்படாமல் போ என்பதுதானே? கையை உதறச் சொல்ல 'ஷேக் இட் அவுட்' சரியா? அப்புறம், எங்கட 'கால் உளைவு'க்கு 'ஏக்' என்றால் போதுமா?

இங்கிலிஷ் டீச்சர்மார், வெளிநாட்டில் பிசியோவிடம் போய் வந்த ஆட்கள் யாராவது சொல்லுங்கோ. நாளை காலை ஆறு மணிக்கு வகுப்பு.