பாப்பாவின் வயலின் பதிவு வந்துவிட்டது (குடும்பக் குழு)

வயலின் பாப்பா: எல்லோருக்கும் வணக்கம். ஒரு வழியாக எங்கள் பதிவு நேற்று இரவு ஸ்பாட்டிஃபையில் ஏறிவிட்டது. மொத்தம் நான்கு உருப்படி. மூன்று கர்நாடகம், கடைசியில் ஒன்று மட்டும் எர்ஹு என்ற சீன வில் வாத்தியம் வாசிக்கும் சீனத் தோழியோடு சேர்ந்து செய்த புது இசை. இணைப்பு மேலே இருக்கிறது, கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

பினாங்கு சித்தி: வாழ்த்துகள்மா!! இணைப்பெல்லாம் எனக்குத் திறக்காது, பாட்டையே இங்கே போட்டுவிடு, நான் கோவில் குழுவுக்கும் அனுப்பிவிடுகிறேன்.

வயலின் பாப்பா: சித்தி, அதை மட்டும் செய்யாதீர்கள் 😅 இங்கே கேட்டால் எங்கள் கணக்கில் எதுவும் ஏறாது. 2024-லிருந்து, ஒரு பாட்டை 12 மாதத்தில் 1000 முறையாவது கேட்டிருந்தால்தான் ஸ்பாட்டிஃபை அதற்குக் காசு கொடுக்கிறது. அதிலும் 30 விநாடி கேட்டால்தான் ஒரு முறை என்று சேரும்.

பெரிய மாமா: 30 விநாடியில் உன் தோடி ராகம் முதல் சுரமான சட்ஜத்தை விட்டே கிளம்பியிருக்காதே.

செந்தூல் அண்ணன்: அதனால்தான் மாமா, உங்களைப் போன்றவர்கள் முழுவதும் கேட்க வேண்டும் என்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து வித்வான் வந்தால் முன்வரிசையில் போய் உட்காருகிறீர்கள், இங்குள்ள பிள்ளைகள் வாசித்தால் 'நல்லா பண்றாங்க' என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறீர்கள்.

பெரிய மாமா: டேய், 1981-இல் இங்கே டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கலைப்பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து நான் கச்சேரி கேட்கிறவன். பிரிக்பீல்ட்ஸில் நான் பார்க்காத அரங்கேற்றமா?

செந்தூல் அண்ணன்: அரங்கேற்றத்துக்குப் போனீர்களா, அங்குள்ள அன்னலட்சுமி உணவகத்தில் சாப்பிடப் போனீர்களா என்பது அத்தைக்குத்தான் தெரியும்.

பெரிய மாமா: இரண்டுக்கும்தான். சரி பாப்பா, காலையில் நடக்கும்போது தோடியைக் கேட்டேன். காந்தார சுரம் நன்றாக அசைகிறது, இப்போது வரும் பதிவுகளில் பலவற்றில் அது இஸ்திரி போட்டதுபோல் நேராக நிற்கும். ஆனால் மிருதங்கம் ஏன் இவ்வளவு கிட்டத்தில் கேட்கிறது? யாரோ தொடையில் தாளம் தட்டும் சத்தம் வேறு.

வயலின் பாப்பா: தட்டுவது எங்கள் சார், வேண்டுமென்றேதான் விட்டுவிட்டோம். ஸ்டூடியோ பையன் முதலில் எல்லோரையும் தனித்தனியாகப் பதிவு செய்யலாம், காதில் தாளத்துக்குக் கிளிக் சத்தம் போட்டுவிடுகிறேன் என்றான். ஒரு உருப்படி அப்படி முயன்றோம், தாளம் துல்லியமாக இருந்தது, ஆனால் யாரும் யாரையும் கேட்டு வாசித்ததுபோல் இல்லை. அப்புறம் சார் எல்லோரையும் ஒரே அறையில் வட்டமாக உட்கார வைத்துவிட்டார். அதனால் மிருதங்கம் என் மைக்கிலும் விழுந்துவிட்டது, ஓரளவுக்கு மேல் குறைக்க முடியவில்லை மாமா. சுருதியைத் திருத்தும் மென்பொருளையும் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டோம், அது சுரத்தை அசைக்கும் கமகத்தை எல்லாம் பிழை என்று நினைத்து நேராக்கிவிடுகிறது.

பினாங்கு சித்தி: ஏசி போட்ட அறையில்தானே?

வயலின் பாப்பா: அதை ஏன் கேட்கிறீர்கள்! ஏசியில் தோல் காய்ந்து மிருதங்கம் சுருதி ஏறிக்கொண்டே போகிறது, மிருதங்க அண்ணா கல்லையும் கட்டையையும் வைத்துத் தட்டித் தட்டி இறக்குகிறார். நிறுத்தினால் கோலாலம்பூர் புழுக்கத்தில் மறுபடி இறங்குகிறது. கடைசியில் ஏசியை நிறுத்திவிட்டு வியர்வையோடுதான் வாசித்தோம், அது ஓடும் இரைச்சலும் மைக்கில் விழாமல் போயிற்று. நடுவில் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ஒட்ட ரவையைப் பிசைந்தபோது ஸ்டூடியோ பையன் எட்டிப் பார்த்து, சாப்பாட்டு நேரமா என்று கேட்டான்.

செந்தூல் அண்ணன்: 😂😂

பெரிய மாமா: அதெல்லாம் சரி. அந்த எர்ஹு எதற்கு? மூன்று நல்ல உருப்படிக்குப் பிறகு ஃபியூஷன் என்று ஒன்றை வைத்தே ஆகவேண்டுமா?

வயலின் பாப்பா: மாமா, ராகம் என்ன என்று கவனித்தீர்களா?

பெரிய மாமா: மோகனம்.

வயலின் பாப்பா: ஆமாம். ச ரி க ப த, இதே ஐந்து சுரம்தான் சீன இசையிலும் நிறைய வரும், அதனால் அவளுக்கு அது அந்நியமாகவே இல்லை. எர்ஹுவில் இரண்டே தந்தி, விரலுக்கு அடியில் பலகையும் கிடையாது, தந்தியை அந்தரத்தில் அழுத்தி வழுக்க வேண்டும். நான் காட்டிய ஜாருவை, அதாவது நம் வழுக்கலை, உடனே பிடித்துக்கொண்டாள், எனக்குத்தான் அவளுடைய வில் நுணுக்கம் வரவில்லை. இதைத் தமிழர்களின் ஜாலான் துன் சம்பந்தனிலும் சீனர்களின் பெட்டாலிங் ஸ்ட்ரீட்டிலும் வளர்ந்த பிள்ளைகள் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்?

பினாங்கு சித்தி: அண்ணே, நீங்கள் அந்தக் காலத்திலும் இப்படித்தான் பேசினீர்கள். எங்கள் பினாங்கு 'அல்லிகேட்ஸ்' (Alleycats) இசைக்குழுவின் அண்ணன் தம்பி பெரிய சுருட்டை முடியோடு மலாயில் பாடியபோது, தமிழ்ப் பையன்களுக்கு இது எதற்கு என்றீர்கள். அவர்களில் லோகநாதன் 2007-இல் இறந்தபோது நாடே அழுதது.

செந்தூல் அண்ணன்: யோகி பி - நட்சத்ராவின் தமிழ் ராப் ஆல்பம் 'வல்லவன்' 2006-இல் வந்தபோதும் இதே பல்லவிதான். அப்புறம் தமிழ்நாட்டில் அதைக் கேட்டார்கள் என்று தெரிந்ததும் எல்லோரும் நம்ம பையன்கள் என்று சொல்லிக்கொண்டோம். அங்கே கைதட்டினால்தான் இங்கே காது திறக்கும்.

பெரிய மாமா: போதும்டா. மறுபடி கேட்டேன். எர்ஹுவும் வயலினும் மாறி மாறிக் கேள்வி பதில் மாதிரி வாசிக்கிற இடம் நன்றாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசியில் வரும் கீபோர்ட் தேவையே இல்லை, நல்ல ரசத்தில் சர்க்கரை போட்டாற்போல் இருக்கிறது. அதை யார் சேர்த்தது?

வயலின் பாப்பா: ...நான்தான் மாமா. எனக்குப் பிடித்திருக்கிறது, அடுத்த பதிவிலும் இருக்கும்.

பெரிய மாமா: திமிர். சரி, சிடி உண்டா? என் காரில் சிடிதான் ஓடும்.

வயலின் பாப்பா: கொஞ்சம் போட்டிருக்கிறோம். 35 ரிங்கிட், உறவுக்கும் அதே விலைதான்.

பெரிய மாமா: மூன்று எடுத்து வை. ஒன்று எனக்கு, ஒன்று பினாங்குக்கு. இன்னொன்றை மின்னல் எஃப்எம் வானொலியில் கொண்டுபோய்க் கொடு, தோடியை முதலில் போடச் சொல்.

பினாங்கு சித்தி: பேத்தி வந்து இணைப்பைத் திறந்து கொடுத்தாள்மா, அருமையாக இருக்கிறது!! ஆனால் தோடி முடிந்ததும் ஒரு பெண் வந்து இன்சூரன்ஸ் வாங்கச் சொல்கிறாளே, அதுவும் உங்கள் புது இசையா?