விலை கையில் இருக்கிறது, லொறி யாருடையது?

கந்தப்பளைக் கரட்காரன்:
சின்ன விவசாயிக்குத் தொழில்நுட்பம் எட்டாது என்ற புலம்பலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மூட்டை கட்டும் முன்பே தம்புள்ளைச் சந்தை விலை போன் வழியாக என் கையில் இருக்கிறது. மழை வருமா என்று பார்த்துத்தான் மருந்து அடிக்கிறேன். 1920க்கு அழைத்தால் விவசாயத் திணைக்களத்தில் ஆலோசனை கேட்கலாம். ‘உழவர் தோழன்’ போன்ற கைபேசிச் சேவை குரலிலேயே சொல்லும், எழுத்துத் தெரியாதவரும் கேட்கலாம். எட்டாதது எது?

லயத்துப் பேரன்:
அண்ணா, உங்களுக்குச் சொந்தக் காணி. என் அம்மா தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் பத்துப் பேர்ச் துண்டு நிலத்தில் லீக்ஸ் போடுகிறார், மண் தேயிலைத் தோட்டத்துடையது. விவசாயி என்று பதியப் போன இடத்தில் காணி உறுதிப் பத்திரம் எங்கே என்றார்கள். மானியம், காப்புறுதி எல்லாம் அந்தக் காகிதத்தின் வழியாகத்தானே வருகின்றன? செயலியில் அம்மாவின் பெயரை எங்கே போடுவது? சிக்னலுக்கே கோவில் பாறைமேல் ஏற வேண்டும், அது வேறு கதை.

வெலிமடைக்காரி:
நான் இரண்டு பக்கமும் இல்லை. உருளைக்கிழங்கு இலையில் சந்தேகம் வந்து, காலை ஆறு மணிக்குப் படம் எடுத்து ஒரு செயலியில் போட்டேன். பனித்துளிகளைப் பார்த்து ‘புள்ளி நோய்’ என்றது. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். ‘நோய் இல்லை’ என்றது. நான்கே நாளில் பாத்தி முழுவதும் கருகிவிட்டது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் அந்தக் கருகல் காத்திருக்காது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தே சொல்லியிருப்பார். நான்தான் கேட்கவில்லை.

கந்தப்பளைக் கரட்காரன்:
அக்கா, ஒரு செயலி பிழைத்ததற்கு எல்லாவற்றையும் தள்ளுவதா? 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தினார்களே, பெரியவர்களின் அனுபவத்துக்கும்தான் அப்போது பதில் இருக்கவில்லை. தம்பி, உறுதி விஷயத்தில் நீ சொல்வது சரி. ஆனால் விலையைத் தெரிந்துகொள்ள உறுதி தேவையில்லை.

லயத்துப் பேரன்:
தெரிந்து என்ன? எங்களுக்கு விதையும் உரமும் கடன் கொடுத்தவரின் லொறிதான் வருகிறது. போன மாதம் போனில் விலையைக் காட்டினேன். “அந்த விலைக்கு அந்தப் போனையே ஏற்றிவிடு” என்று சிரித்தார்.

கந்தப்பளைக் கரட்காரன்:
எனக்கும் கடன் கொடுத்தவரிடம் இப்படித்தான் ஒரு பதில் கிடைத்தது. அந்தக் கோபத்தில்தான் நாங்கள் நாலு பேர் சேர்ந்து லொறி பிடித்தோம். கடனை அடைக்க இரண்டு போகம் ஆனது, அதை மறைக்கவில்லை.

வெலிமடைக்காரி:
நீங்கள் பிடித்த லொறிக்காரரின் இலக்கத்தை இங்கே போட வேண்டாம். மூட்டைக்கு எவ்வளவு வாங்குகிறார், அதை மட்டும் சொல்லுங்கள்.