மேற்குப் பார்த்த மனை: கீழே தையற்கடை, மேலே வீடு. வெயிலுக்கு என்ன வழி?

வில்லாபுரம் தையற்காரர்:
மனை 3 சென்ட், ரோடு மேற்கே. கீழே என் தையற்கடை, வாடகைக்கு இன்னொரு கடை, மாடியில் நாங்கள். இப்போதைய வாடகைக் கடையும் மேற்குப் பார்த்ததுதான். மாலை நான்கு மணிக்கு இஸ்திரிப் பெட்டி எது, சுவர் எது என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. பிளான் போட்டவரோ முன்புறம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே இரண்டு ஏசி என்கிறார். கரண்ட் பில்லை அவரா கட்டப் போகிறார்? ஏசி இல்லாமல் சமாளிக்க வழி உண்டா? சோலார் வைக்கவும் ஆசை.

திருநகர் பொறியாளர்:
அண்ணே, கண்ணாடி வேண்டவே வேண்டாம். சன்ஷேடும் பத்தாது, இரண்டடி நீட்டினாலும் நாலரை மணி வெயில் அதன் கீழே குனிந்து உள்ளே வந்துவிடும். கடையை ஆறடி பின்னுக்குத் தள்ளித் திண்ணை விடுங்கள். திண்ணை ஓரத்தில் மாலையில் இறக்கிவிட மூங்கில் தட்டி. படிக்கட்டு, கழிப்பறை எல்லாம் மேற்கு ஓரத்தில் இருந்து வெயிலை வாங்கிக்கொள்ளட்டும். தையல் மெஷின்களுக்கு வடக்கு ஜன்னல் நல்லது. அதற்கும் சிறு சன்ஷேடு வையுங்கள்: மதுரையில் சித்திரை பிறந்ததும் உச்சி வெயில் தலைக்கு நேரே நிற்கும், பிறகு ஆவணி வரை சற்று வடக்கே சாய்ந்திருக்கும்.

மேற்குச் சுவருக்கு எலிப்பொறிக் கட்டு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை. செங்கலை நிறுத்தி வைத்து நடுவே காலியிடம் விட்டுக் கட்டுவதால் கால்பங்குச் செங்கல் மிச்சம். சூடும் மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். வயரிங் குழாய் போகும் இடத்தை முன்பே குறித்துவிடுங்கள். பிறகு சுவரை வெட்டினால் காரியம் கெட்டது.

செல்லூர் மாடிவீட்டு அக்கா:
கடையைப் பற்றியே பேசுகிறீர்களே தம்பி, மாடியில் படுக்கப்போவது யார்? எங்கள் வீட்டில் இரவு பத்து மணிக்கும் மொட்டைமாடித் தளம் அனலாகக் கொதிக்கும். போன பங்குனியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, மேலே தட்டை ஓடு பதித்து, வெள்ளை அடித்தோம். இப்போது மதியத்தில் வெறுங்காலோடு போய்த் துணி காயப்போடுகிறேன். தூசி படிந்தால் வெள்ளைக்கு மதிப்பில்லை, அவ்வப்போது கழுவ வேண்டும்.

சமயநல்லூர் மின்பணியாளர்:
வீட்டுக்கும் கடைக்கும் தனித்தனி மீட்டர்தான். சோலாருக்கு மத்திய அரசு தரும் பிஎம் சூர்யகர் மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டும். சோலாருக்கு முன்னால் ஃபேனை மாற்றுங்கள்: பழையது 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேன் 30 வாட். ஐந்து ஃபேன் பத்து மணிநேரம் ஓடினால் நாளைக்கு இரண்டேகால் யூனிட் மிச்சம். இஸ்திரி மேசையைத் திண்ணைக்குக் கொண்டுவாருங்கள், சூடு தெருவோடு போகட்டும்.

வில்லாபுரம் தையற்காரர்:
மூங்கில் தட்டிக்குப் பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியா! சரி, காலையிலேயே இஸ்திரியை முடித்துவிட்டுப் பிறகு தட்டியை இறக்கிக்கொள்கிறேன். கண்ணாடி வேண்டாம் என்று நாளைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். முன்பணம் வேறு கொடுத்திருக்கிறேன்.