மேப்பிள் துப்பாக்கிக் கட்டைக்கு வீட்டுச் சாயம்: வினிகர்-இரும்பு பூசினால் சிமென்ட் நிறம் வருகிறது

கராஜ்தச்சன்:
எல்லாருக்கும் வணக்கம். வர்ஜீனியாவில் இருக்கிறேன். இரண்டு குளிர்காலமாக கராஜில் உட்கார்ந்து ஒரு பிளின்ட்லாக் ரைஃபிள், அதாவது தீக்கல் பொறியால் வெடிக்கிற துப்பாக்கி செய்து வருகிறேன். பழைய பென்சில்வேனியா நீளத் துப்பாக்கி, குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டு இடிக்கிற வகை. குழலும் விசையும் வாங்கியவை. கட்டையை மட்டும் கர்லி மேப்பிளில் நானே செதுக்கினேன். புலிவரி நன்றாக விழுந்த மரம், அதனால்தான் பயம்.

செதுக்கியபோது விழுந்த துண்டுகளில் சாயம் பரிசோதித்துப் பார்த்தேன். கடையில் வாங்கிய டப்பா சாயம் திட்டுத் திட்டாகப் பிடித்தது. அப்புறம் வினிகரில் ஸ்டீல் உல் (மெல்லிய இரும்பு நார்) ஐந்து நாள் ஊறவைத்து வடிகட்டிப் பூசினேன். காய்ந்ததும் சிமென்ட் தரை மாதிரி சாம்பல் நிறம். அதே பாட்டிலிலிருந்து ஓக் துண்டில் ஒரு சொட்டு விட்டால் சில நிமிடத்தில் கன்னங்கரேல் என்று ஆகிறது. மேப்பிளில் மட்டும் ஏன் இப்படி? அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் இருக்கிற செம்பழுப்பு எனக்கு வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள், கடுமையான அமிலம் எதுவும் வைக்க முடியாது.

இழைப்புளி:
தம்பி, உங்கள் சாயத்தில் குறை இல்லை. ஓக்கிலும் வால்நட்டிலும் டானின் என்கிற துவர்ப்பு நிறைய உண்டு. இரும்புக் கரைசல் அதோடு சேர்ந்துதான் கருக்கிறது. மேப்பிளில் அந்தத் துவர்ப்பு மிகவும் குறைவு. இரும்புக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காமல் சாம்பலாக நின்றுவிடுகிறது. ஆகவே துவர்ப்பை முதலில் நீங்கள் ஊட்ட வேண்டும்.

நான் செய்வது இதுதான். எட்டு டீ பேக்கை ஒரு கப் தண்ணீரில் போட்டு, நாக்கில் வைத்தால் முகம் சுளிக்கிற அளவுக்குக் கொதிக்கவிடுவேன். ஆறியதும் கட்டை முழுக்கப் பூசி ஒரு இரவு காயவிடுவேன். மறுநாள் இரும்பு வினிகர். பூசிய கையோடு கருநீலம் மாதிரி ஒரு நிறம் ஓடி வரும், பதற வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு ஹீட் கன்னை, அதாவது சூடான காற்றை ஊதுகிற கருவியைக் காட்டுங்கள், அந்த நீலம் தணிந்து பழுப்புக்குத் திரும்பும். கடைசியில் பூசுகிற எண்ணெய் ஏறியதும் இன்னும் சூடான நிறம் வரும். உலர்ந்த நிறத்தைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். துண்டை ஒரு முறை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள், எண்ணெய் போட்டால் எப்படி இருக்கும் என்று ஏறக்குறைய அப்போதே தெரிந்துவிடும்.

ஸ்டீல் உல் விஷயத்தில் ஒன்று. பாத்திரம் தேய்க்கிற பளபள நார் ஸ்டெயின்லெஸ், அது கரையாது. தச்சு வேலைக்கு விற்கிற சாதாரண ஸ்டீல் உல் வேண்டும். அதிலும் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள், பாத்திரச் சோப்புப் போட்டு அலசிவிட்டு ஊறப்போடுங்கள். பாட்டில் மூடியை இறுக்கக் கூடாது. உள்ளே ஹைட்ரஜன் வாயு கிளம்பிக்கொண்டே இருக்கும்.

வரி எடுப்பாகத் தெரிய வேண்டுமென்றால், முதல் கருப்பு காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். புலிவரியில் நார் வளைந்து மேலே வந்து முடிகிறது. அந்த இடம் சாயத்தை ஆழமாக உறிஞ்சியிருக்கும். மற்ற இடத்தில் கருப்பு போய், வரிக்குள் மட்டும் தங்கும். அதன்மேல் பழுப்புச் சாயம்.

பழுப்புக்கு என்னிடம் இருப்பது கருப்பு வால்நட். பென்சில்வேனியாவில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு மரம் நிற்கிறது. அக்டோபரில் டென்னிஸ் பந்து அளவில் பச்சைக் காய்கள் தொப் தொப்பென்று விழும். கொட்டை எனக்கு வேண்டாம், மேலே இருக்கிற சதைத்தோல்தான் வேண்டும். அதை ஒரு வாரம் கருக்கவிட்டு, பழைய இரும்புச் சட்டியில் தண்ணீர் ஊற்றி அரை நாள் சிறு தீயில் வைத்தால் டிகாக்ஷன் மாதிரி இறங்கும். வடிகட்டி, பாதியாகச் சுண்ட வைத்துக்கொள்வேன். முதல் வருடம் கையுறை போடாமல் தோலை உரித்தேன். விரலெல்லாம் கறுத்து, இரண்டு வாரம் எந்தச் சோப்புக்கும் அசையவில்லை. மரத்தில் நிற்கிற சாயத்துக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கடையில் வால்நட் கிரிஸ்டல் என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் நிலத்திலிருந்து எடுக்கிற பழுப்பு மண் சரக்கு, வால்நட் இல்லை. நிறம் நல்ல நிறம்தான், பெயரை மட்டும் நம்ப வேண்டாம்.

இனி நீங்கள் கேட்ட பழைய செம்பழுப்பு. 18ஆம் நூற்றாண்டில் ஜேக்கப் டிக்கர்ட் போன்ற துப்பாக்கிக் கைவினைஞர்கள் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் தொழில் செய்த காலத்து வழி, நைட்ரிக் அமிலத்தில் இரும்பைக் கரைத்துப் பூசுவது. அக்வா ஃபோர்ட்டிஸ் என்பார்கள். கரையும்போது வருகிற செம்பழுப்புப் புகை நுரையீரலுக்கு விஷம். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அதை நினைக்கவே வேண்டாம். இன்று அதே வேலைக்கு ஃபெரிக் நைட்ரேட் படிகம் தனியாகக் கிடைக்கிறது, தண்ணீரில் கரைத்தாலே போதும். அதுவும் ரசாயனம்தான், கையுறை, கண்ணாடி, பூட்டிய அலமாரி மூன்றும் கட்டாயம். பூசினால் மரம் அழுக்கு மஞ்சளாக இருக்கும். ஹீட் கன் பட்டதும், தோசை ஓரத்திலிருந்து சிவந்து வருகிற மாதிரி, நிறம் உங்கள் கண் முன்னாலேயே கிளம்பி வரும். எத்தனை கட்டை செய்தாலும் அந்த ஒரு நிமிடத்துக்காக நான் காத்திருப்பேன். முடிந்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரால் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். அமிலம் தங்கினால் பின்னாளில் பச்சை பாய வாய்ப்பு உண்டு.

எந்த வழியானாலும், சாயத்துக்கு முன்னால் கட்டையை மூன்று முறை தண்ணீரால் நனைத்துக் காயவைத்து, மேலே எழும்புகிற மர நார் மயிரைத் தேய்த்து எடுங்கள். இதைத் தவிர்த்தால் சாயத்தில் இருக்கிற தண்ணீரே மயிரை எழுப்பிவிடும்.

கடுக்காய்ச்சாயம்:
கும்பகோணம் பக்கத்தில் துணிக்கு இயற்கைச் சாயம் போடுகிறேன். மர வேலை தெரியாது, ஆனால் இந்த ரசாயனம் எங்கள் பிழைப்பு. கலம்காரித் துணியைக் கடுக்காய்த் தண்ணீரும் பாலும் கலந்து நனைத்துக் காயவைப்போம். துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் நாள்கணக்கில் தண்ணீரில் ஊறி நுரைத்த சாற்றில் பேனாவைத் தொட்டு அதன்மேல் வரைவோம். பேனா பட்ட இடம் கறுக்கும். அய்யா சொன்ன டீயும் வினிகரும் இதேதான். டீயைவிடக் கடுக்காயில் துவர்ப்பு அதிகம். அங்கே இந்தியக் கடைகளில் ஹரிதகி என்ற பெயரில் பொடி கிடைக்கும். இரண்டு ஸ்பூன் பொடியை இரவு ஊறவைத்து, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். வண்டல் இருந்தால் புள்ளி விழும்.

கராஜ்தச்சன்:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். மூன்று துண்டு செய்து பார்த்தேன். டீ போட்டதில் மிதமான பழுப்பு. கடுக்காய் போட்டதில் கிட்டத்தட்ட கருப்பு. லேசாகத் தேய்த்ததும் வரி மட்டும் நின்றது, அவ்வளவு அழகு. மூன்றாவது, கடுக்காய்க்கு மேல் வால்நட் தோல் சாறு. பக்கத்துத் தெருவில் ஒருவர் வீட்டுப் புல்தரையில் காய் கிடந்தது, கேட்டதும் ஒரு வாளி கொடுத்தார். அதுதான் நான் தேடிய நிறம். கடுக்காய்ச்சாயம், உங்களுக்கும் அய்யாவுக்கும் மனமார்ந்த நன்றி. கட்டையின் பின்முனையில் மட்டும் சாயம் கூடுதலாக ஏறுமோ என்று பயமாக இருக்கிறது.

இழைப்புளி:
ஏறும், அங்கே நார் முனை திறந்திருக்கிறது. அந்த இடத்தை 320 நம்பர் வரை தேய்த்து வழவழப்பாக்குங்கள். பூசுவதற்குச் சற்று முன்னால் வெறும் தண்ணீரால் நனைத்துவிட்டால் சாயத்தைக் குறைவாக இழுக்கும். அப்புறம் ஆளிவிதை எண்ணெய், மெல்லிசாக, கைச்சூட்டில் தேய்த்து, ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் ஒரு நாள் இடைவெளி. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே வேலிக் கம்பியில் விரித்துப் போட்டு, விறைத்த பிறகு எறியுங்கள். கட்டை முடிந்ததும் வெயிலில் வைத்து ஒரு படம் போடுங்கள் தம்பி, பக்கவாட்டில் வெளிச்சம் விழுகிற மாதிரி.