10 கிளை ஆகப்போகும் ஓட்டல்: மெனு போர்டில் கலோரி போட வேண்டுமா? களி, பொங்கலுக்குக் கணக்கு எப்படி?

காரிமங்கலம்_கணக்கர்:

வணக்கம். ஓசூரிலிருந்து தொப்பூர் வரை பெங்களூரு–சேலம் ரோட்டை ஒட்டி 9 கிளை இருக்கிற ஒரு ஓட்டலுக்குக் கணக்கு, லைசென்ஸ் வேலை பார்க்கிறேன். பாலக்கோட்டில் பத்தாவது கிளை திறக்கப்போகிறது. அதற்கடுத்து அத்திப்பள்ளியில் ஒன்று பேச்சில் இருக்கிறது. பத்து ஆகிவிட்டால் மெனுவில் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் பக்கத்தில் கலோரி போட வேண்டும் என்கிறார்கள். இது நிஜமாகவே நமக்குப் பொருந்துமா, இல்லை பர்கர், பீட்சா கடைகளுக்கு மட்டும்தானா?

பொருந்தும் என்றால் அடுத்த சிக்கல். இணையத்தில் நெய் பொங்கல் என்று தேடினால் மூன்று இடத்தில் மூன்று எண் வருகிறது. ராகி களிக்கு ஒன்றுமே சரியாக இல்லை. எல்லா ஐட்டத்தையும் லேபுக்கு அனுப்பித்தான் ஆக வேண்டுமா, நாமே கணக்குப் போடலாமா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

லைசென்ஸ்_மேசை:

சார், பொருந்தும். பர்கர் கடைக்கு ஒரு சட்டம், பரோட்டா கடைக்கு ஒரு சட்டம் என்று இல்லை. மத்திய உணவு பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் லேபிளிங் மற்றும் காட்சிப்படுத்தல் ஒழுங்குமுறைகள் 2020-இல் வந்தன. உணவகங்களுக்கான பகுதி 2022-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மத்திய லைசென்ஸ் வைத்திருக்கும் உணவகம், அல்லது 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ள உணவகம் என்று இரண்டு வாசல். எதில் நுழைந்தாலும் மெனு கார்டு, போர்டு, கையேடு எதுவாக இருந்தாலும் ஐட்டத்துக்கு நேரே ஒரு பரிமாறலின் அளவும் அதற்கான கிலோ கலோரியும் வர வேண்டும். அமெரிக்காவில் இந்த எல்லை 20 கிளை, இங்கே 10. அங்கே உள்ளதைப் படித்துவிட்டு நமக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

அத்திப்பள்ளியைத் தனியாகக் கவனியுங்கள். அது கர்நாடகம். இரண்டு மாநிலத்தில் தொழில் என்றால் தலைமை அலுவலகத்துக்கு மத்திய லைசென்ஸ் எடுக்க வேண்டும், அதோடு ஒவ்வொரு கிளைக்கும் தனி லைசென்ஸ். அதனால் பாலக்கோடு தள்ளிப்போய் அத்திப்பள்ளி முதலில் திறந்தாலும் நீங்கள் உள்ளே வந்துவிடுவீர்கள். கையில் இருப்பது என்ன லைசென்ஸ் என்பது 14 இலக்க எண்ணைப் பார்த்தாலே தெரியும்: 100 என்று தொடங்கினால் மத்திய லைசென்ஸ், 124 என்றால் தமிழ்நாடு மாநில லைசென்ஸ், 2-இல் தொடங்கினால் வெறும் பதிவுச் சான்று. ஒன்பது கிளையின் சான்றுகளையும் எடுத்து வைத்து இதை முதலில் பாருங்கள்.

கலோரியோடு வேலை முடியவில்லை. "சுறுசுறுப்பாக இயங்கும் சராசரி வயது வந்தவருக்கு ஒரு நாளைக்கு 2,000 கிலோ கலோரி தேவை, தேவை ஆளுக்கு ஆள் மாறலாம்" என்ற வரி கண்ணில் படும்படி இருக்க வேண்டும். ஐட்டத்துக்கு நேரே சைவ, அசைவக் குறியும் ஒவ்வாமைப் பொருள் விவரமும் வேண்டும். அசைவக் குறி இப்போது பழுப்புச் சதுரத்துக்குள் முக்கோணம்; பழைய வட்டத்தையே ஃபிளெக்ஸ்காரர் எடுத்துப் போட்டுவிடுவார், பார்த்து வாங்குங்கள். ஆன்லைன் டெலிவரி ஆப்பில் இருக்கிறீர்கள் என்றால் அங்கேயும் இதே விவரம் ஏற வேண்டும். அந்த விவரத்தை நீங்கள்தான் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

விலக்கு மூன்று இடத்தில். வருடத்தில் 60 நாளுக்குக் குறைவாக நடக்கும் கடை, விசேஷ கேட்டரிங். மெனுவில் இல்லாமல், வாடிக்கையாளர் தானே எடுத்துக்கொள்ளும் இலவசத் தொடுகறி வகை. வாடிக்கையாளர் கேட்டு மாற்றிச் செய்யும் ஐட்டம்.

மீறினால் வழக்கமாக முதலில் வருவது உணவு பாதுகாப்புச் சட்டம் பிரிவு 32-இன் கீழ் மேம்பாட்டு நோட்டீஸ். சரிசெய்ய 14 நாளுக்குக் குறையாமல் அவகாசம் தருவார்கள். அந்த அவகாசத்தில் பத்துக் கிளைக்கும் எடை போட்டுக் கணக்கு முடிக்க முடியாது. அதனால் கிளை திறக்கும் முன்பே தொடங்கிவிடுங்கள்.

எடைதட்டு:

கணக்குப் பகுதிக்கு வருகிறேன். எல்லாவற்றையும் லேபுக்கு அனுப்பத் தேவையில்லை. செய்முறையை எடைபோட்டு நாமே கணக்கிடலாம். ஆனால் அதற்கு முன்னால் கரண்டியை முடிவு பண்ணுங்கள். சூளகிரியில் பொங்கல் 250 கிராம், தர்மபுரியில் 350 கிராம் என்றால் எந்த லேப் கொடுத்த எண்ணும் போர்டில் பொய்தான். பத்துக் கிளைக்கும் ஒரே அளவுக் கரண்டி, ஒரே கப், ஒரே செய்முறைத் தாள். இது இல்லாமல் மேற்கொண்டு போகாதீர்கள்.

தேவையானவை: 10 கிலோ வரை 1 கிராம் துல்லியத்தில் காட்டும் தராசு ஒன்று, வெறும் பாத்திரத்தின் எடை எழுதின ஸ்டிக்கர் ஒட்டிய அண்டாக்கள், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவுக் கூறு அட்டவணை. அந்த அட்டவணையில் ஆற்றல் கிலோ ஜூலில் இருக்கும். 4.184-ஆல் வகுத்தால்தான் கிலோ கலோரி. இதைக் கவனிக்காமல் நாலு மடங்கு எண்ணைப் போர்டில் ஏற்றிவிடும் ஆபத்து உண்டு.

களியை எடுத்துக்கொள்வோம். ராகி மாவு 1 கிலோ, நொய் 200 கிராம், தண்ணீர் 3 லிட்டர், உப்பு. ராகி 100 கிராமுக்கு சுமார் 321, அரிசி 356. ஆக 3,210 + 712 = 3,922 கிலோ கலோரி. தண்ணீருக்கும் உப்புக்கும் கலோரி இல்லை. கிளறி இறக்கியதும் அண்டாவோடு எடைபோட்டு அண்டாவின் எடையைக் கழித்தால் 3.9 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராமுக்கு 100, உருண்டை 350 கிராம் என்றால் 350. அடுப்பில் ஆவி அதிகம் போய் 3.6 கிலோதான் வந்தது என்றால் அதே 350 கிராம் உருண்டை 380-ஐத் தாண்டும். அதனால் ஒரு நாள் எடை போதாது. மூன்று வெவ்வேறு நாள், வெவ்வேறு மாஸ்டர் கிளறியதை எடைபோட்டுச் சராசரி எடுங்கள்.

நெய் பொங்கல்: பச்சரிசி 1 கிலோ 3,560, பாசிப்பருப்பு 250 கிராம் 815, நெய் 200 கிராம் 1,800, எண்ணெய் 50 கிராம் 450, முந்திரி 50 கிராம் சுமார் 290. கூட்டினால் 6,915. வெந்த எடை 6 கிலோ என்றால் 100 கிராமுக்கு 115. 300 கிராம் தட்டுக்கு 346. இதில் சர்வர் மேலே ஊற்றும் நெய் சேரவில்லை. 10 கிராம் நெய் ஊற்றினால் 90 கூடும். நான்கில் ஒரு பங்கு! இணையத்தில் மூன்று எண் வந்ததற்குக் காரணம் இதுதான். அரிசியின் கலோரி வீட்டுக்கு வீடு பெரிதாக மாறாது. நெய்க் கரண்டிதான் மாறுகிறது. மாஸ்டர் கைக்கணக்கில் ஊற்றும் இடங்களில் எல்லாம் அளவுக் குவளை வையுங்கள்.

இன்னொரு தப்பு அடிக்கடி நடக்கும். அட்டவணையில் உள்ளது பச்சைப் பொருளின் மதிப்பு. 1 கிலோ அரிசி வெந்து 2.7 கிலோ சாதமானால் 100 கிராம் சாதத்துக்கு 132 தான். சாதத்தின் எடையை 356-ஆல் பெருக்கினால் மூன்று மடங்கு வரும். தோசையில் இது தலைகீழ்: சுட்டபின் ஈரம் போய் எடை குறையும், கலோரி குறையாது. தோசைக்கு ஊற்றும் மாவை எடைபோட்டுக் கணக்கிட்டு, கல்லில் விடும் எண்ணெயைத் தனியாகச் சேருங்கள். கஞ்சி வடிக்கும் சாதம் என்றால் கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போய்விடும். அதற்கும், பிரியாணி, குழம்பு போன்ற கலவை ஐட்டங்களுக்கும் மட்டும் என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபில் ஒருமுறை சோதித்து உங்கள் கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

காரிமங்கலம்_கணக்கர்:

இருவருக்கும் நன்றி. நம்பிக்கை வந்துவிட்டது. இன்னும் சில சந்தேகம். வடை, பூரி குடிக்கும் எண்ணெயை எப்படிப் பிடிப்பது? தோசைக்குச் சட்னி, சாம்பாரைச் சேர்க்கணுமா? அளவில்லாச் சாப்பாட்டுக்கு என்ன போடுவது?

பரோட்டாவுக்கு நானே போட்டுப் பார்த்தேன்: மைதா 1 கிலோ 3,520, சர்க்கரை 20 கிராம் 80, மாவில் எண்ணெய் 50 கிராம் 450. மொத்தம் 4,050. 16 பரோட்டா வருகிறது, ஒன்று 253. சரியா?

எடைதட்டு:

வடைக்கு வாணலியையே எடைபோட வேண்டும். எண்ணெயோடு வாணலியை ஆறின நிலையில் எடைபோட்டுக் குறித்துக்கொண்டு 100 வடை சுடுங்கள். ஆறவிட்டு, அடியில் தங்கின தூளை வடிகட்டி எடுத்துவிட்டு மறுபடி எடைபோடுங்கள். 900 கிராம் குறைந்திருந்தால் வடைக்கு 9 கிராம், அதாவது 81 கிலோ கலோரி. கொதிக்கும்போது ஆவியாவது வடையின் ஈரம்தான், எண்ணெய் அல்ல. அதனால் இந்தக் கணக்கு நிற்கும். தூளிலும் வடிதட்டிலும் தங்கிய எண்ணெயை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் காயும் முன் மாவைப் போட்டாலும், உளுந்து அரைக்கும்போது தண்ணீர் கூடினாலும் வடை அதிகம் குடிக்கும். காலை முதல் ஈட்டையும் கூட்டம் மிகுந்த நேரத்து ஈட்டையும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

பரோட்டாவில் பாதி எண்ணெயை விட்டுவிட்டீர்கள். உருண்டை ஊறும் தட்டில் ஊற்றுவது, வீசும் மேசையில் தடவுவது, கல்லில் சுற்றிலும் விடுவது எல்லாம் எங்கே? பரோட்டா மாஸ்டருக்கு ஒரு தனி டின் கொடுங்கள். ஷிப்ட் தொடக்கத்திலும் முடிவிலும் டின்னை எடைபோட்டு, போட்ட பரோட்டா எண்ணிக்கையால் வகுங்கள். 16-க்கு 160 கிராம் என்று வந்தால் ஒன்றுக்கு 90 கூடி 343 ஆகும். ஒரு பிளேட் 2 என்றால் 686. சால்னா இதில் இல்லை.

லைசென்ஸ்_மேசை:

சட்னி, சாம்பார் பற்றி என் வாசிப்பு இது: விலக்கு வாடிக்கையாளர் தானே எடுத்துக்கொள்வதற்குத்தான். நம் ஊரில் சர்வரே தட்டில் வைத்துக் கொடுக்கிறார், அதனால் முதல் தடவை வைக்கும் அளவைத் தோசையோடு சேர்த்துப் போடுவதே நேர்மை. பரிமாறல் அளவு எழுதும் இடத்தில் "1 தோசை, சட்னி 50 கிராம், சாம்பார் 100 கிராம் சேர்த்து" என்று எழுதிவிடுங்கள். இரண்டாவது தடவை கேட்பது வாடிக்கையாளர் விருப்பம்.

அளவில்லாச் சாப்பாட்டுக்கும் அதே வழி. இலையில் முதலில் விழும் சாதம், குழம்பு, பொரியல், அப்பளம் எத்தனை கிராம் என்று எழுதி அதற்கான எண். பக்கத்திலேயே கூடுதல் சாதம் 100 கிராமுக்கு எவ்வளவு என்று ஒரு வரி. ஒட்டுமொத்தமாக "800 முதல் 1,600 வரை" என்று போட்டால் படிப்பவருக்கு ஒரு பயனும் இல்லை.

செய்முறைத் தாள், எடைக் குறிப்பு, லேப் அறிக்கை மூன்றையும் தேதியோடு ஒரே ஃபைலில் தலைமை அலுவலகத்தில் வையுங்கள். அலுவலர் "இந்த எண் எங்கிருந்து வந்தது" என்று கேட்டால் காட்ட அதுதான் ஆதாரம். எண்ணெய் பிராண்டு மாறினால் கணக்கு மாறாது. அளவு மாறினால் போர்டும் மாற வேண்டும். அதனால் போர்டில் விலைக்கு வைப்பது போலவே கலோரிக்கும் மாற்றக்கூடிய பட்டை வையுங்கள்.

உணவியல்_தோழி:

ஒவ்வாமைப் பகுதியை யாரும் விரித்துச் சொல்லவில்லை. கலோரி எண் 30 தவறினால் யாருக்கும் உடனடி ஆபத்து இல்லை; ஒவ்வாமை விவரம் தவறினால் உண்டு. பொங்கலில் முந்திரி, சட்னியில் நிலக்கடலை, குருமாவில் முந்திரி விழுது, பரோட்டாவில் முட்டையும் பாலும் சேர்த்தால் அவை, கருவாட்டுக் குழம்பில் மீன். இவை கண்ணுக்குத் தெரியும். தெரியாதது பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். சாம்பாரிலும் ரசத்திலும் அது விழுகிறது என்றால் அவற்றுக்கும் கோதுமை எழுத வேண்டும். ராகியில் குளூட்டன் (கோதுமையில் இருக்கும் புரதம்) கிடையாது. ஆனால் கோதுமை அரைக்கிற அதே மில்லில் உங்கள் ராகியையும் அரைக்கிறார்கள் என்றால் "குளூட்டன் இல்லை" என்று போர்டில் எழுதிவிடாதீர்கள்.

களிக்கு 350 என்று போட்டதும் "அரிசி சாதத்தைவிட அதிகமா?" என்று கேட்பார்கள். 350 கிராம் சாதத்தின் கணக்கு 460-க்கு மேல் போகிறது என்பதை சர்வருக்குச் சொல்லிக்கொடுங்கள். அதோடு நிறுத்தச் சொல்லுங்கள். "சுகர்காரங்க எவ்வளவு வேணா சாப்பிடலாம்" என்று யாரும் சொல்லக் கூடாது. போர்டிலும் எழுதக் கூடாது. களியும் மாவுச்சத்துதான்.

காரிமங்கலம்_கணக்கர்:

பெருங்காய டப்பாவை இப்போதே பார்த்தேன், கோதுமை மாவு என்று இருக்கிறது. சாம்பார், ரசம், வத்தக்குழம்பு மூன்றுக்கும் குறித்துக்கொண்டேன். திங்கட்கிழமை தர்மபுரி கிளையில் அளவுக் கரண்டியோடு தொடங்குகிறோம். முதலில் பொங்கலும் பரோட்டாவும்.